முள் அசையாத மனிதன்

அந்த நேர்காணலுக்கு நான் கட்சிக் கரைவேட்டியோடு போய் இறங்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ரிடையர் ஆன பிறகு என் பீரோவில் வேறு வேட்டியே கிடையாது. வேலையோ, கல்லூரியில் எந்தக் கட்சியையும் சாராத வாக்காளர் ஊக்குநர் வேலை. பதினெட்டு வயதான பிள்ளைகளை ஓட்டுப் போட வைக்க வேண்டும். யாருக்கு என்று மூச்சு விடக் கூடாது.

வாசலில் என்னைப் பார்த்த வாட்ச்மேன் மயங்கி விழாதது அவருடைய குலதெய்வத்தின் கருணை. தேர்தல் அறிவித்ததும் ஊரிலுள்ள தலைவர் சிலைகளையெல்லாம் துணி போட்டு மூடுவார்களே, அந்தத் துணியில் மிச்சம் வைத்திருந்தார் போல. எடுத்து வந்து என் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்.

கூட வந்த என் சம்சாரம் செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் கல்லூரி மரத்துக் காக்காய்கள் எல்லாம் தூத்துக்குடிக்கே பறந்து போயின.

"தொறப்பு விழாவுக்குக் காத்திருக்க செலை மாதிரில்லா இருக்கீய!"

என் பெயர் பரமகுரு. கோவில்பட்டி வட்டாரத்தில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவன். நான் ஏறினால் டிக்கெட் எடுத்தவர்களே பயந்துபோய் இன்னொரு டிக்கெட் எடுப்பார்கள். ஓய்வு பெற்றதும் அந்த மரியாதை முழுக்கப் போய்விட்டது. கொசுகூட என்னைக் கடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மறுபடியும் நாலு பேர் 'சார்' என்று கூப்பிட வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை. இது கிடைக்காவிட்டால் மிச்ச ஆயுளை செண்பகவல்லிக்கு வெங்காயம் உரித்தே கழிக்க வேண்டியதுதான்.

என் கட்சி எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இத்தோடு மூடி வைத்துவிடுவீர்கள், மீதிப் பேர் கைதட்டுவீர்கள். இரண்டும் கதைக்கு ஆகாது. நாற்பது வருஷமாக அந்தக் கட்சிக்காக நான் போட்ட கோஷத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு காற்றாலையை ஓட்டியிருக்கலாம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அப்படிப்பட்டவனுக்கு எப்படி இந்த வேலை கிடைக்கும் என்கிறீர்களா? அதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம், மனசு எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறது என்று முள்ளால் காட்டும் சாய்வுமானி இல்லாமல் எந்த நடுநிலை வேலைக்கும் ஆள் எடுப்பதில்லை. எங்கோ ஒரு கல்லூரியில் ஊக்குநர் ஒருவர் ஒருதலைப்பட்சமாகப் பேசிவிட்டார் என்று நாற்காலிகள் பறந்தன. அதற்குப் பிறகு வந்த சட்டம். முதலில் ஊக்குநர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்புறம் பத்திரிகைக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர்கள், கடைசியில் பட்டிமன்ற நடுவர்வரை வந்துவிட்டது. முள் பூஜ்யத்தில் நின்ற நடுவர் ஒருவரை எங்கள் ஊர்த் திருவிழாவில் போட்டார்கள். மனிதர் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிச் சொல்லி, விடிந்து தேர் கிளம்பிய பிறகும் தீர்ப்பு வரவில்லை.

உள்ளே இயந்திரத்தோடு இருந்தவர் பேராசிரியர் இசபெல்லா. இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பியை என் தலையில் வைத்தார். எதிரே திரை. பக்கத்தில் தராசு முள் போல ஒரு முள்.

"கொடி, சின்னம், தலைவர்கள் முகம் எல்லாம் வரும் சார். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நெத்திக்குப் பின்னால ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது, கண்பாப்பா எதுக்கு விரியுதுன்னு இதுவே பாத்துக்கும். சாய்வு இருந்தா முள் அந்தப் பக்கம் போகும்."

என் திட்டம் இதுதான்: படம் எது வந்தாலும் நான் அல்வாவை மட்டும் நினைத்துக்கொள்வது. நெய் சொட்டச் சொட்ட நினைத்தேன். படங்கள் ஓடி முடிந்தன. முள் பூஜ்யத்தில் நின்றது. வெற்றி!

"சார், அல்வா தனியாத் தெரியுது," என்றார் இசபெல்லா.

"என்னது?"

"ஆசை வேற நெறத்துல வரும். கட்சிக்குத்தான் முள். அல்வாவைக் கழிச்சுட்டுத்தான் முள் காட்டும். எதை நெனச்சும் அதை ஏமாத்த முடியாது. நீங்க நெஜமாவே பூஜ்யம்."

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னேன். இந்த முறை வேலையாவது மண்ணாவது என்று என் கட்சித் தலைவர் முகம் வந்ததும் மனதுக்குள் கோஷம் போட்டேன். நரம்பு புடைத்தது. நாற்காலி ஆடியது. தொப்பிக்குள் வேர்த்துக் கொட்டியது. முள் மட்டும் சுவரில் அறைந்த ஆணி மாதிரி அப்படியே நின்றது.

"மெஷின் ரிப்பேரும்மா!" என்று கத்தினேன். "நான் யாருன்னு தெரியுமா? மாநாட்டுக்கு லாரியில தொங்கிட்டுப் போனவன்! மச்சினன் கல்யாணத்துலயே மாத்துக் கட்சிக்காரன் பக்கத்துல சாப்பிட மாட்டேன்னு எந்திரிச்சு வந்தவன்!"

"ஆமா, பாயசம் வந்த பொறவு எந்திரிச்சாவ," என்றாள் செண்பகவல்லி.

"நீ சும்மா இரு. ஏம்மா, இவள உக்கார வையுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் ஓட்டுத்தான் இவ ஓட்டு. என் கட்சிப் பக்கம் முள் போகலன்னா மெஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

செண்பகவல்லி வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

முதல் படத்துக்கே முள் துள்ளியது. என் கட்சிப் பக்கம் இல்லை. எதிர்ப் பக்கம்! அந்தக் கோடி வரை போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் முட்டி நின்று, கீகீ என்று கத்தியது. சாய்வுமானி அப்படிக் கத்தும் என்பது இசபெல்லாவுக்கே தெரியாது.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"என்னட்டி இது?"

"என்னது என்ன? உள்ளதத்தான காட்டுது."

"நீ என் கட்சிக்குல்லா போட்டுட்டு இருந்த!"

"நான் சொன்னேனா? ஒவ்வொரு தடவயும் வாசல்ல நின்னு 'போட்டாச்சா'ன்னு கேப்பீய. போட்டாச்சும்பேன். யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே."

நாற்பது வருஷம் எதிர்க்கட்சியின் தலைமை நிலையம் என் அடுப்படியில் இயங்கியிருக்கிறது. அந்தத் தலைமை நிலையத்தில்தான் நான் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன். எந்த உளவுத்துறை இதைத் தாங்கும்?

இசபெல்லா சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். வேலை உங்களுக்குத்தான். இந்தத் தடவ வந்தவங்கள்ல பூஜ்யம் நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப நான் நடுநிலையா?"

"நடுநிலைன்னா தராசுல ரெண்டு தட்டுலயும் எடை இருக்கணும், சார். உங்களுக்கு ரெண்டு தட்டும் காலி. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப உங்க முள் எங்க நிக்குது?"

"இந்த ஊக்குநர் வேலையை இத்தனை வருஷமாப் பாத்தது நான்தான். ஒரு நாள்கூட என் கட்சி எதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சதில்ல. என் புருஷனுக்கே தெரியாது." செண்பகவல்லியைப் பார்த்துக்கொண்டார். "சட்டம் வந்துச்சு, முள் கொஞ்சம் நகந்துச்சு. சாய்வு வேற, நேர்மை வேறன்னு சொல்லிப் பாத்தேன். இனிமே பிள்ளைங்ககிட்ட ஓட்டுங்கற வார்த்தையே பேசக் கூடாதுன்னுட்டாங்க. இப்ப இந்தக் கொப்பரையத் தொடச்சு வைக்கேன்."

வேலையில் சேர்ந்தால் சட்டைப்பையில் ஒரு வில்லை குத்திக்கொள்ள வேண்டும். வெள்ளை வட்டம், நடுவில் பெரிய பூஜ்யம். நான் அதை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் குத்திக்கொண்டு போனது முட்டாள்தனம். அங்கே என் கட்சியின் கிளைச் செயலாளர் கோமதிநாயகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

"வே பரமகுரு! உள்ள ஒண்ணுமே இல்லையாவே? நாப்பது வருசமா எங்ககூட என்னத்துக்குவே வந்தீரு? பிரியாணிக்கா?"

"பிரியாணியில்ல வே."

"பொறவு?"

யோசித்துப் பார்த்தேன். "சத்தத்துக்கு," என்றேன். அது உண்மை என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூட்டமாகக் கத்தும்போது ஒரு சுகம் இருக்கிறது. எதற்குக் கத்துகிறோம் என்று பார்த்தால் அந்தச் சுகம் போய்விடும் என்று நான் பார்க்கவே இல்லை போல.

கடையே சிரித்தது. கோமதிநாயகம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

போகட்டும், கல்லூரியில் 'சார்' கிடைத்ததே. தனி அறை, சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினால் உலகமே என்னைச் சுற்றி வந்தது. முதல் கூட்டத்தில் பிள்ளைகள் முன் நின்று, "ஓட்டு உங்கள் உரிமை! தவறாமல் போடுங்கள்!" என்று முழங்கினேன். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் ஒன்றுகூட அதிரவில்லை. எஸ்தர் என்று ஒரு பெண், வேதியியல் படிக்கிறவள், முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"சார், யாருக்குப் போடணும்னு நீங்க சொல்லக் கூடாது. சரி. எதுக்குப் போடணும்னாவது சொல்லுங்களேன்."

"அது... உரிமை!"

"அதத்தான் செவுத்துல எழுதிப் போட்டிருக்காங்களே. ஒங்களுக்கு என்ன தோணுது? நீங்க எதுக்குப் போடுதீய?"

முப்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் ஆட்களை மடக்கினவனை ஒரு சின்னப் பெண் நின்ற இடத்தில் மடக்கிவிட்டாள். காட்ட என்னிடம் டிக்கெட் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். இப்படியே போனால் அடுத்த கூட்டத்தில் நாற்காலிகளுக்குத்தான் நான் உரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இசபெல்லாவிடம் போய், "என்ன சொல்லுறதுன்னு தெரியலம்மா," என்றேன்.

"நான் சொல்லித் தரக் கூடாது சார், சட்டம். வீட்டுலதான் ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களக் கேளுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. வாக்குப்பதிவுக்கு முந்தி உங்கள மறுபடி சோதிப்போம். காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்ச பூஜ்யம் எதுவும் பூஜ்யமா நின்னதா எனக்குத் தெரியல. முள் நகந்தா நாற்காலி போயிரும்."

நாற்காலியை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கேட்பதா, காதைப் பொத்திக்கொள்வதா? செண்பகவல்லி சாப்பாடு போட்டாள். ரசம் வரை அடக்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏட்டி, நீ எதுக்கு அந்தக் கட்சிக்குப் போடுத?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் எதிரே உட்கார்ந்தாள். செண்பகவல்லி கிராமச் செவிலியராக இருந்தவள். ஊர் ஊராக நடந்து போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கே நடந்தாள் என்று மட்டும் கேட்டதில்லை.

"ஓடைக்கு அந்தாண்ட கரிசக்குளம் இருக்குல்லா. மழை பெஞ்சா கரிசல் மண்ணு செருப்ப மட்டுமில்ல, ஆளையே பிடிச்சு வச்சுக்கிடும். ஒருத்திய கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தோம். பாதி வழியில காடு. அங்கயே பெத்தா. பிள்ள தங்கல. அடுத்து வந்த ஆட்சியில அந்த ஊருக்கு ரோடு போட்டாவ. அதுக்குப் பொறவு அந்த ஊர்ல ஒரு பிள்ளகூட வழியில பொறக்கல. என் ஓட்டு அந்த ரோட்டுல கெடக்கு. அவ்வளவுதான்."

ரசத்தை நான் குடிக்கவில்லை. நாற்பது வருஷம் நான் கேட்ட மேடைப் பேச்சு எதுவும் இவ்வளவு சின்னதாகவும் இல்லை, இவ்வளவு கனமாகவும் இல்லை.

மறுநாள் அதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன், ஆட்சியின் பெயர் மட்டும் இல்லாமல். போன்கள் பைக்குள் போயின. "நீங்க எது இல்லாமத் தவிச்சீங்க, எது வந்து சமாளிச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்குப் போடுங்க. யாருக்குங்கறது உங்க பாடு," என்றேன். விடுதித் தண்ணீர் என்றான் ஒருவன். அக்காவின் உதவித்தொகை என்றாள் இன்னொருத்தி. சத்தம் கூரையைத் தூக்கியது. என் சர்வீஸில் அப்படி ஒரு கூட்டத்தை நான் தீபாவளிப் பஸ்ஸில்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் அடங்கிய பிறகு எஸ்தர் கேட்டாள்: "ரோடு உங்க வீட்டம்மாவோடது. ஒங்களோடது எது சார்?"

அந்தக் கேள்வி என் கூடவே வீட்டுக்கு வந்தது. கூடவே படுத்தது. புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் இருந்தது.

மறுசோதனைக்கு உட்கார்ந்தேன். இசபெல்லா கொப்பரையைக் கவிழ்த்தார். கொடிகள் ஓடின. முள் அசையவில்லை. சின்னங்கள் ஓடின. அசையவில்லை. நாற்காலி தப்பித்தது என்று மூச்சு விடப் போனேன். அப்போது என் கட்சி ஆட்சியில் இருந்த காலத்துப் படம் ஒன்று வந்தது. பின்னால் எங்கோ மூலையில், தூசியில், ஒரு பழைய அரசு பஸ்.

அந்த மாதிரி பஸ் ஒன்றைத்தான் கரிசக்குளத்துக்கு முதன்முதலாக விட்டார்கள். அதில் சோதனைக்கு ஏறினவன் நான். உள்ளே முழுக்கப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஒட்டப் போயிருக்க வேண்டியதுகள். பஸ் வந்ததால் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போயின. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு சத்தம், அவ்வளவு சிரிப்பு. நான் என்ன செய்தேன்? "பாஸ எடு, பாஸ எடு" என்று அதட்டிவிட்டு இறங்கிப் போனேன். அது ஒரு அரசாங்கம் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலம் அதே அரசாங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். ஏன் என்று தெரியாமல்.

டக் என்று ஒரு சத்தம்.

முள் நகர்ந்திருந்தது. என் சொந்தக் கட்சிப் பக்கம்!

நாற்பது வருஷக் கரைவேட்டிக்காரன், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கட்சிக்கு ஆதரவாளன் ஆகிவிட்டேன். அதனால் வேலை போயிற்று.

இசபெல்லா என் வில்லையைத் தன் கையாலேயே கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்ததா சிரித்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நல்ல ஊக்குநர் எல்லாரும் இப்படித்தான் சார் போவாங்க," என்றார். "யார் பேச்சும் உள்ள எறங்காதவங்க மட்டும்தான் இந்த வேலையில நிலைக்க முடியும். அடுத்த ஆளும் வெளிய காத்திருக்காரு."

வெளியே வந்தேன். பெஞ்சில் ஒருவர் பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் வேறு கட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். நாலடி போன பிறகுதான் உறைத்தது. கோமதிநாயகம்! என் கட்சியின் கிளைச் செயலாளர்! அவரைப் பேன்ட்டில் பார்த்ததற்குப் பதிலாக ஒரு யானையைப் பேன்ட்டில் பார்த்திருந்தால்கூட நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

"வே, நீரா?"

"மெதுவாப் பேசும்வே," என்று கெஞ்சினார். "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு..."

இசபெல்லா கூப்பிட்டார். கோமதிநாயகம் உள்ளே போனார். கதவு பாதி திறந்தே கிடந்தது; நான் பாதி உடம்பை வெளியே வைத்துப் பாதித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கொடி, சின்னம், தலைவர் முகம் எல்லாம் ஓடி முடிந்தன. அவர் உட்கார்ந்திருப்பதே தெரியாதது போல முள் நின்றது. சுத்தப் பூஜ்யம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசையாத முள்ளுக்கு முன்னால், கொப்பரையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. எங்கள் கூட்டங்களில் முழங்கியவர்களில் இன்னும் எத்தனை பேர் இப்படி?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். செண்பகவல்லி தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்தின் பூஜ்யத்துக்கு அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் முள் நகர்ந்ததற்குத்தான் திரும்பினாள்.

"எந்தப் பக்கம்?"

"என் கட்சிப் பக்கம்தான். கரிசக்குளத்துக்கு பஸ் விட்டது யாரு?"

"ரோடு போட்டது யாரு? ரோடு இல்லாம பஸ்ஸத் தலையில தூக்கிட்டாப் போவீய?"

"பஸ் இல்லாம அந்த ரோட்ட வச்சு என்ன செய்ய? வத்தல் காயப் போடவா?"

"வத்தலா? பெரசவத்துக்குப் போற ஆட்டோ, பஸ் வாரவரைக்கும் காத்துட்டு நிக்குமோ?"

"பெரசவம் ஒரு நாளு. பள்ளிக்கூடம் தெனமும்லா!"

"உசிரோட பொறந்தாத்தான பள்ளிக்கூடம்?"

தோசை கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு சண்டை நடந்ததே இல்லை. இதுவரை நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். நல்ல பதில் ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னது அதற்குக் குறுக்கே வந்து நின்றது.

"என்ன, வாய் அடச்சுப் போச்சா?" என்றாள்.

"இரு," என்றேன். "யோசிக்கேன்."

செண்பகவல்லி கையிலிருந்த தோசைக்கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது.

"என்ன செய்யுதீய?" என்றாள்.